வாப்பாவுக்குத் தெரிந்த விளையாட்டு

பதினேழு வயதில் பழைய நினைவுகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வகுப்பறைக்கு வந்து “அங்ரி பேர்ட்ஸ்” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கணக்கீட்டு வினாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள்கூடப் பேனையை வைத்துவிட்டு நிமிர்வார்கள். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் எங்கள் வீடுகளுக்குத் தொடுதிரைப் போன் முதன்முதலாக வந்தபோது எங்களுக்கு நான்கைந்து வயது. வாப்பா பள்ளிக்குப் போகும் நேரம் பார்த்துப் போனை எடுத்து, கவணில் குருவியை வைத்து இழுத்து, பச்சைப் பன்றிகளின் கோட்டையை உடைத்தவர்கள் நாங்கள். அடி வாங்குவது பன்றிகள் என்பதால் உம்மாமாரும் அவ்வளவாக ஆட்சேபிக்கவில்லை. தரம் ஒன்றுக்குப் போனபோது எங்களில் பலருடைய பையில், தண்ணீர்ப் போத்தலில், பென்சில் பெட்டியில் அந்தச் சிவப்புக் குருவிதான் முறைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் கண்டி நகரத்துக் கடையொன்றில் அதைக் கண்டால் தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டதுபோல் இருக்கிறது.

இந்த உணர்வுக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அது யாருடைய பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

வெற்றி பெற்ற ஒரு விளையாட்டின் பெயரையும் பாத்திரங்களையும் எடுத்து, வேறொரு விளையாட்டின் மேல் ஒட்டி விற்பதை ஸ்பின் ஓஃப் என்கிறார்கள். நான் இதைக் கிளை விளையாட்டு என்று எழுதுகிறேன். கிளை விடுவது குற்றமல்ல. மரம் காய்த்தால் கிளையும் விடும். ஆனால் சில கிளைகளில் காய்ப்பது அந்த மரத்துப் பழமே அல்ல. பெயர் மட்டும்தான் மரத்துடையது. பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

அங்ரி பேர்ட்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்தில் 2003 ஆம் ஆண்டு மூன்று பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு ரோவியோ ஆனது. அவர்கள் 51 விளையாட்டுகளைச் செய்தார்கள். அவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. 2009 டிசம்பரில் வெளிவந்த 52 ஆவது விளையாட்டுத்தான் அங்ரி பேர்ட்ஸ். ஐபோனில் அதன் விலை ஒரு டொலருக்கு ஒரு சதம் குறைவு. அன்றைய கணக்கில் நூறு ரூபாவுக்குச் சற்றுக் கூட. ஒரு தடவை வாங்கினால் முடிந்தது. தோற்றால் மறுபடி இழுத்து விடலாம், நூறு தடவை தோற்றாலும் குருவி உங்களிடம் காசு கேட்காது.

பிறகு கிளைகள் தொடங்கின. 2012 இல் விண்வெளிக் குருவிகள் வந்தன. அதே ஆண்டில் ஸ்டார் வோர்ஸ் படத்துக் குருவிகளும் வந்தன. 2013 இல் அவை கார் ஓட்டின. 2014 இல் ட்ரான்ஸ்போர்மர்ஸ் இயந்திரங்களாக மாறின. 2016 இல் திரைப்படமும் வந்தது. இவற்றில் சில நல்ல விளையாட்டுகள்தான். விண்வெளிக் குருவிகளை நான் இன்றும் நல்லது என்றே சொல்வேன். கோள்களின் ஈர்ப்பில் குருவி வளைந்து போவது புதிய யோசனை. ஆனால் போகப் போகப் பெயர் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே வேறொன்று நடந்தது. 2015 இல் வந்த அங்ரி பேர்ட்ஸ் 2 இலவசம். அதில் உங்களுக்குச் சில உயிர்கள் தரப்படும். தோற்றால் உயிர் போகும். எல்லாம் போய்விட்டால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் பார்க்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் இரத்தினக் கற்கள் வாங்க வேண்டும். இரத்தினக் கற்களுக்கு உண்மையான காசு. அதே குருவி, அதே கவண். ஆனால் தோல்விக்கு விலை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. 2019 இல் ரோவியோ தனது பழைய விளையாட்டுகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. என் வயதுக்காரர்களும் என்னை விடப் பெரியவர்களும் உலகெங்கும் இருந்து “எங்கள் பழைய விளையாட்டு எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். 2021 இல் நிறுவனம் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. 2022 மார்ச்சில் 2009 இன் விளையாட்டை முதலிலிருந்து மறுபடி கட்டி வெளியிட்டது. விலை மீண்டும் ஒரு டொலருக்குள். விளம்பரம் இல்லை, இரத்தினம் இல்லை, உயிர் எண்ணிக்கை இல்லை. மக்கள் வாங்கினார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை. 2023 பெப்ரவரியில் கூகுள் பிளேயிலிருந்து அதை நீக்கினார்கள். அப்பிள் கடையில் விட்டுவைத்தார்கள், ஆனால் அதன் பெயரிலிருந்து “அங்ரி பேர்ட்ஸ்” என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, “ரெட்டின் முதல் பறத்தல்” என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தங்களுடைய மற்ற விளையாட்டுகளை அது பாதிக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

கொஞ்சம் நின்று யோசிப்போம். ஒரு பெயரை நம் மனதில் பதித்தது எந்த விளையாட்டோ, அந்த விளையாட்டுக்கே அந்தப் பெயர் மறுக்கப்பட்டது. யாராவது “அங்ரி பேர்ட்ஸ்” என்று தேடினால் ஒரு டொலர் விளையாட்டுக்குப் போகக் கூடாது, இரத்தினம் விற்கும் விளையாட்டுக்குத்தான் போக வேண்டும். நான் இதை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். நினைவை விற்கிறவர்களுக்கு நாம் நினைத்துக்கொண்டிருப்பது கிடைத்துவிடக் கூடாது. கிடைத்துவிட்டால் வியாபாரம் அத்தோடு முடிந்துவிடும்.

அதே 2023 இல் ஜப்பானின் சேகா நிறுவனம் ரோவியோவை 706 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் இலங்கைக் காசில் இருபதாயிரம் கோடி ரூபாவுக்கும் மேல். உயர்தர வணிகப் பிரிவு மாணவிகளுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வரும்: நன்மதிப்பு. ஒரு வியாபாரத்தை வாங்கும்போது, அதன் சொத்துகளின் பெறுமதிக்கும் மேலாகக் கொடுக்கப்படும் தொகை. கட்டடம், இயந்திரம், இருப்பு எல்லாவற்றையும் எண்ணிய பிறகும் ஏன் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்? வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கைக்காக. கையால் தொட முடியாத சொத்து என்று நாங்கள் குறிப்பெடுத்தோம். எங்களுக்கு ஆசிரியை பழைய பேக்கரி ஒன்றை உதாரணம் காட்டினார். நான் சிவப்புக் குருவியை நினைத்துக்கொண்டேன். அந்தச் சொத்து பின்லாந்தில் எந்தப் பெட்டியிலும் இல்லை. அது எங்கள் தலைக்குள் இருக்கிறது, எங்கள் வாப்பாமாரின் தலைக்குள் இருக்கிறது. எங்கள் நினைவுதான் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் சொத்தாக நிற்கிறது.

இனி பெற்றோரிடம் வருகிறேன். ஏனெனில் இந்த வியாபாரத்தில் உண்மையான வாடிக்கையாளர் எங்கள் தம்பி தங்கைகள் அல்லர். நீங்கள்தான்.

எனது வாப்பா தொண்ணூறுகளில் பாடசாலை சென்றவர். கெலிஓயாவில் அவருடைய மாமா வீட்டில் ஒரு “டீவி கேம்” இருந்ததாம். நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட இயந்திரத்தின் மலிவான பிரதிகள் அப்போது ஆசிய நாடுகள் எங்கும் விற்றன. நம் ஊருக்கு வந்ததும் அதுதான். நின்டெண்டோ என்ற பெயரே தெரியாமல் நின்டெண்டோவின் மாரியோவை விளையாடிய தலைமுறை அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட கையோடு மச்சான்மார் ஏழெட்டுப் பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் குவிவார்கள். ஒருவர் செத்தால் அடுத்தவருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கெசட்டை இழுத்து வாயால் ஊதிப் போட்டால் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்பினார்களாம். 1996 இல் மழையின்றி மணிக்கணக்காக மின்வெட்டு நடந்த நாட்களில், ஏழாவது கட்டத்தில் கரண்ட் போய் எல்லோரும் தலையில் கைவைத்த கதையை வாப்பா எங்களுக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போது அவருக்கு நாற்பதுக்கு மேல் வயது என்பது மறந்துவிடும்.

அந்தக் கெசட்டில் ஒரு குணம் இருந்தது. வாப்பா அதைக் குணமாகக் கருதியதே இல்லை, ஏனெனில் அப்போது வேறு மாதிரி ஒன்றும் இருக்கவில்லை. கெசட்டுக்குள் கடை கிடையாது. காசு கடையில் ஒருமுறை கைமாறும், அதன் பிறகு விளையாட்டும் பிள்ளையும் மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் தரம் ஆறில் படித்த என் தம்பி, வாப்பாவின் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. வாப்பா சிறு வயதில் விளையாடிய ஒன்றின் கிளை விளையாட்டு என்பது மட்டும் போதும். நான் வாப்பாவிடம் கேட்டேன். வேறு விளையாட்டு என்றால் அவர் இரண்டு நாள் யோசிப்பார். சண்டை இருக்கிறதா, அசிங்கமான உடுப்பு இருக்கிறதா, அந்நியர்களோடு பேச்சு இருக்கிறதா என்று கேட்பார். இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, “அது எனக்குத் தெரிஞ்ச கேம்தானே மகள், போட்டுக் குடுங்க” என்றார்.

இரண்டாம் மாதம் போன் கட்டணச் சிட்டையில் ஏழாயிரத்து நானூறு ரூபா கூடுதலாக வந்திருந்தது. என்னுடைய பொருளியல் பிரத்தியேக வகுப்புக்கு மூன்று மாதக் கட்டணம் அது. விளையாட்டுக்குள் வாங்குவதைப் போன் கணக்கிலேயே சேர்த்துவிடும் ஒரு வசதி இருக்கிறது. அந்தப் போனில் அது திறந்திருந்தது. தம்பி அழவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவனுக்கு அது காசு என்றே தோன்றவில்லை. “தாத்தா, கல் முடிஞ்சா விளையாட ஏலாது. அதான் அமத்தினேன்” என்றான். வாப்பா அவனை அடிக்கவில்லை. போனை வாங்கி அந்த விளையாட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் தானே விளையாடிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: “இதுக்குள்ள கடை எப்ப வந்த?”

எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே அந்தக் கேள்வியால்தான். வாப்பா கவனமற்றவர் அல்லர். தெரியாத பெயர் என்றால் அவர் சோதித்திருப்பார். தெரிந்த பெயர் என்பதால் சோதனை நின்றுவிட்டது. பழைய பெயர் செய்யும் வேலை அதுதான். பிள்ளையை ஈர்ப்பதற்கு வண்ணமும் சத்தமும் போதும், முப்பது வருடப் பழைய பெயர் தேவையில்லை. தரம் ஆறு பிள்ளைக்கு 1990 களைப் பற்றி என்ன ஞாபகம்? பழைய பெயர் வாசலில் நிற்கும் வாப்பாவுக்காக. வீட்டுக் கதவைத் திறக்கும் சாவி அது.

இந்தப் பெயர்களின் கீழ் என்னென்ன உள்ளே வந்திருக்கின்றன என்று பாருங்கள். மாரியோ கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று, மாரியோ கார்ட் டூர், 2019 செப்டெம்பரில் போன்களுக்கு வந்தது. அதில் ஒரு பச்சைக் குழாய். காசு கொடுத்து வாங்கிய மாணிக்கங்களைக் கொடுத்தால் குழாய் வெடித்து ஏதோ ஒன்று வெளியே வரும். என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நல்ல கார் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். கண்டி பஸ் நிலையத்தைச் சுற்றி லொத்தர் சீட்டு விற்கும் கூடுகளை நாம் தினமும் தாண்டிப் போகிறோம். நம் வீடுகளில் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சூது என்று நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். காசு கொடுத்து, கிடைப்பது என்னவென்று தெரியாமல், அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருப்பதற்கு வேறு என்ன பெயர்? பச்சைக் குழாயும் சிவப்புத் தொப்பியும் போட்டுவிட்டால் அது வேறொன்றாகிவிடுமா? கூட்டில் உட்கார்ந்து சீட்டு விற்கும் வயோதிபர் பாவம், தன் கடைக்கு லொத்தர் என்றே பெயர்ப் பலகை போட்டிருக்கிறார்.

இது என்னுடைய கடும்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் இப்படியான மர்மப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. 2019 ஓகஸ்டில் நின்டெண்டோ தனது இரண்டு போன் விளையாட்டுகளை அந்த நாட்டில் நிறுத்திக்கொண்டது. இரண்டும் பழைய பெயர்களின் கிளைகள்தான். மாரியோ கார்ட் டூரிலும் 2022 ஒக்டோபரில் காசு கொடுத்துச் சுடும் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, பொருளைப் பார்த்து வாங்கும் கடையை வைத்தார்கள்.

இன்னொரு உதாரணம் பிரித்தானியாவில். 1997 இல் டஞ்சன் கீப்பர் என்று ஒரு கணினி விளையாட்டு வந்தது, பெரியவர்கள் மிகவும் மெச்சியது. 2014 இல் அதே பெயரில் போனுக்கு ஒன்று வந்தது. நிலத்தடியில் ஒரு பாறையை வெட்டுவதற்குச் சில இடங்களில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், காத்திருக்க முடியாவிட்டால் காசு. அந்த நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, இதை வெறுமனே “இலவசம்” என்று விளம்பரம் செய்வது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய விளையாட்டை நேசித்தவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். அவர்களுக்குத்தானே வித்தியாசம் தெரியும்.

காசு கொடுத்து ஒரேயடியாக வாங்கும் விளையாட்டுகளிலும் இந்த வேலை நடக்கிறது. 2001, 2002, 2004 ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று ஜீ.டீ.ஏ. விளையாட்டுகளை மெருகூட்டியதாகச் சொல்லி 2021 நவம்பரில் 60 டொலருக்கு விற்றார்கள். அப்போதைய விலையில் பன்னிரண்டாயிரம் ரூபா. முகங்கள் கோணலாகவும், மழை பெய்தால் பாதை தெரியாமலும், பிழைகள் நிறைந்ததாகவும் அது வந்தது. அதை விடப் பெரிய அநியாயம், புதியதை விற்பதற்காகப் பழையவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழையவற்றை மறுபடி தருவதாக அறிவித்தார்கள். (அந்த விளையாட்டுகளுக்குள் இருப்பவை நம் வீடுகளுக்கு ஏற்றவையல்ல என்பது தனிப் பிரச்சினை. அதை எழுதப் புறப்பட்டால் ஆசிரியர் குழு இன்னும் நான்கு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும்.)

விளையாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வானேன் என்றும் கேட்கலாம். உண்மைதான். 1996 இல் வந்த “இந்தியன்” படத்துக்கு 28 வருடங்கள் கழித்து 2024 இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அது எப்படிப் போனது என்பது படம் பார்க்காத எனக்கே தெரியும். ஆனால் சினிமா ஒரு டிக்கெட்டோடு முடிந்துவிடும். படம் பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் உயிரோடு இருக்க வேண்டுமானால் இன்னும் இருநூறு ரூபா கட்டுங்கள் என்று எந்தத் தியேட்டரும் கேட்டதில்லை.

எனது தோழி ஒருத்தி இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். “பழையதை விரும்புவது பிழையா? நீயே வருடா வருடம் நோன்பு காலத்தில் அதே கஞ்சிக்குத்தானே காத்திருக்கிறாய்?” என்றாள். பிழையில்லை. நான் பழையதை விரும்புவதற்கு எதிராக எழுதவில்லை. சிவகாசியில் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. அந்தக் கதைகளை மறுபதிப்பு என்று சொல்லியே பிற்காலத்திலும் விற்றார்கள். எங்கள் பெரியவாப்பா தலைமுறையினர் அவற்றைத் தேடி வாங்கினார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நீங்கள் நினைத்த அதே மாயாவி, அட்டையில் விலை, கடைசிப் பக்கம் வரை உங்களுடையது. நாற்பதாம் பக்கத்தில் மாயாவி மறைந்து, அவரைத் திரும்ப வரவழைக்கக் காசு கேட்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டு வீட்டுக்குள் அடைபட்டபோது நாங்கள் லூடோ கிங் விளையாடினோம். நவி மும்பையில் ஒரு நிறுவனம் 2016 இல் செய்தது. தோஹாவில் இருந்த சாச்சாவும், அக்குறணையில் இருந்த மாமியும், பேராதனையில் நாங்களும் ஒரே பலகையில். விளம்பரங்கள் தொல்லைதான். ஆனாலும் உம்மா தன் சிறு வயதில் கடதாசிப் பலகையில் விளையாடிய அதே விளையாட்டுத்தான் அது, ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். அந்த வாரங்களில் உம்மா சிரித்ததில் பாதி அந்தப் பலகையால் வந்தது. பழைய நினைவு நல்ல காரியமும் செய்யும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

நின்டெண்டோவே நல்ல வழியையும் காட்டியிருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த சுப்பர் மாரியோ ரன்னில் முதல் சில கட்டங்கள் இலவசம். பிடித்திருந்தால் ஏறத்தாழ 10 டொலர் ஒரே தடவை. அதற்குள் மர்மப் பெட்டி இல்லை. விலை கூட என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். கூடத்தான், ஆனால் அந்த விலையைக் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்கள். பெல்ஜியத்தில் நிறுத்தப்பட்ட இரண்டில் ஒன்றான அனிமல் குரோசிங் விளையாட்டையும் 2024 இறுதியில் மூடிவிட்டு, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் வடிவில் மறுபடி விற்கிறார்கள். ஆக, முடியாத காரியம் அல்ல இது.

பெற்றோர்கள் விளையாட்டுகளைப் படித்துப் பட்டம் பெற வேண்டியதில்லை. கூகுள் பிளே கடையில் ஒரு விளையாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், உள்ளே விளம்பரம் உண்டா, உள்ளே விற்பனை உண்டா என்று எழுதியிருக்கும். விபரப் பகுதியில் ஒரு பொருளின் ஆகக் குறைந்த விலையும் ஆகக் கூடிய விலையும் இருக்கும். எனக்குத் தெரிந்த யாருடைய வாப்பாவும் உம்மாவும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆகக் கூடிய விலை 100 டொலர் என்று அங்கே கண்டால், ஒரு பிள்ளை விளையாட்டில் முப்பதாயிரம் ரூபாவுக்கு விற்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதே கடையின் அமைப்புகளில், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். மூன்று நிமிட வேலை. செய்யத் தெரியாவிட்டால் உங்கள் மகளிடம் கேளுங்கள், செய்து தருவாள். தம்பிக்கு மட்டும் கடவுச்சொல்லைச் சொல்லிவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வையுங்கள்.

மாணவிகளுக்கும் ஒன்று. எங்கள் பிள்ளைக் காலத்தை எங்களுக்கே விற்க இன்னும் பலர் வருவார்கள். எங்களுக்கு உழைப்பு வரும் வயதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரோவியோ 51 தடவை வேறு வேறு பெயர்களில் முயன்று தோற்ற பிறகு கிடைத்ததுதான் நாம் இன்று நினைத்து மகிழும் குருவி. யாரோ புதிதாக ஒன்றைச் செய்ததால்தான் எங்களுக்கு நினைவு கிடைத்தது. எங்கள் தம்பி தங்கைகளுக்குச் சூடாக்கிய பழையதையே ஊட்டிக்கொண்டிருந்தால், அவர்களுக்குப் பதினேழு வயதாகும்போது எதை நினைப்பார்கள்? எங்களுடைய குருவியையா, வாப்பாவின் மாரியோவையா?

தம்பி இந்த விடுமுறைக்கு ஒரு விளையாட்டுக் கேட்டிருக்கிறான். ஸ்டார்டியூ வேலி என்று பெயர். அமெரிக்காவில் எரிக் பரோன் என்பவர், தன் சிறு வயதில் விளையாடிய ஹார்வெஸ்ட் மூன் என்ற பழைய விவசாய விளையாட்டின் பின்வந்த பாகங்கள் மனதுக்கு ஒட்டவில்லை என்பதற்காக, நான்கு வருடங்களுக்கு மேல் தனியே உட்கார்ந்து படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016 இல் வெளியிட்டது. அவரும் பழைய நினைவிலிருந்துதான் தொடங்கினார், ஆனால் பழைய பெயரை எடுக்கவில்லை. போனில் அதன் விலை 5 டொலர், ஆயிரத்து ஐந்நூறு ரூபா. உள்ளே கடை கிடையாது, பிறகு வந்த சேர்க்கைகள் எல்லாம் இலவசம். விதை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, மாடு வளர்ப்பது. ஊரில் ஒரு மதுச்சாலையும் இருக்கிறது என்பதை வாப்பாவிடம் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்று நாட்களாக வாப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். பெயர் கேள்விப்பட்டதில்லையே என்கிறார்.